தெரசா அக்காவின் பிரவுனியைச் செய்தவர்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் வாயில் அவர் செய்த பிரவுனி இருந்தது. எனக்கென்று கொடுத்த பிரவுனி அல்ல. சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில் கொடுக்க வேண்டிய பெட்டியிலிருந்து நானாக எடுத்தது. பெட்டிக்குப் பதினாறு துண்டு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றவற்றைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் பதினைந்தும் பதினாறு மாதிரித்தான் தெரியும். எப்போதாவது ஒருமுறை இப்படிச் செய்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். இறந்தவருக்கு எழுதும் கட்டுரையில் பொய் கூடாது. அடிக்கடி செய்தேன். பெட்டியில் ஒன்று குறைகிறதே என்று யாராவது தெரசா அக்காவைத் தப்பாக நினைத்திருந்தால் தயவுசெய்து அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். வேனை பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்தியிருந்தேன். கைப்பேசி அடித்தது. எடுத்தால் அண்ணன் மனைவி தெரசா அக்கா. அக்காவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். அன்றைக்கு இன்னும் மெதுவாக வந்தது.

"தம்பி. அண்ணன் போயிட்டாரு."

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "ம்" என்றேன்.

"வாயில என்னா?"

"ஒன்னுமில்லக்கா."

"சரி. பொட்டிங்கள எல்லாம் குடுத்து முடிச்சிட்டு வா. அவரு ஏத்துன சரக்கு, பாதி வழியில நிக்கக் கூடாது."

அண்ணன் அன்று காலையில் கடைசி டிரேயை வெளியே எடுத்து வைத்து, ஓவனை அணைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா குளித்துவிட்டு வந்து கூப்பிட்டபோது உயிர் இல்லை. வலி என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லையாம். அறுபத்தொன்பது வயது. அவர் ஓவனை அணைத்துவிட்டுப் போனார் என்பது எனக்கு இன்றுவரை பெரிய நிம்மதி. சிரிக்காதீர்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

மிச்சமிருந்த பெட்டிகளை ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஒருவரிடமும் செய்தியைச் சொல்லவில்லை. "அக்கா கைப்பக்குவமே தனிலா" என்று ஒருவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எட்டு வருடமாக ஆட்டிப் பழகிய தலை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடப் போவதாகவும், அதில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றும் அக்கா சொன்னார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டோடு நின்றவன். "எனக்கு எழுத வராதுக்கா" என்றேன். "எட்டு வருஷமா ஊர் பூரா பொய் சொன்னியே, அது மட்டும் நல்லா வந்துச்சா? இப்ப உண்மைய எழுது" என்றார். பேனாவை எடுத்தேன்.

உண்மை இதுதான். ஈப்போவிலிருந்து பாரிட் புந்தார் வரை நீங்கள் எல்லாரும் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் வாங்கிச் சாப்பிட்ட பிரவுனி, மேலே பாலாடை நிறத்தில் சீஸ்கேக்கும் அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் சுழன்று சுழன்று ஓடும் அந்தத் தெரசா அக்கா பிரவுனி, கடைசி எட்டு வருடத்தில் ஒன்றுகூட அக்கா செய்ததில்லை. அத்தனையும் லாரி ஓட்டிய சவரிமுத்து அண்ணன் செய்தவை.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி வீடுகள். பதினெட்டு வயதில் லாரியில் ஏறியவர், அறுபதில்தான் இறங்கினார். அதில் கடைசிப் பதினான்கு வருடம் நான் அவருடைய கிளிண்டான், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து வந்து சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள். பெரிய உருவம். மேல் உதட்டில் துடைப்பம் மாதிரி மீசை. அவர் உள்ளங்கையில் கோழி முட்டையை வைத்தால் புறா முட்டை என்று நினைத்துவிடுவீர்கள்.

அவர் யாரையும் முந்திப் போய் நான் பார்த்ததில்லை. தஞ்சோங் மாலிம் போகிற வழியில் ஒரு தடவை, ஓட்டிப் பழகுகிற ஒரு காடிக்கு, அதாவது காருக்கு, பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்துகொண்டே போனோம். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"அண்ணே, தாண்டிப் போலாம்ணே. மாடே நம்மள தாண்டிப் போவுது."

"தாண்டிப் போயி என்னா செய்யப் போற? சிமெண்டு ஊசிப் போயிருமா?"

"எனக்குப் பசி ஊசிப் போவுதுண்ணே."

"அந்தப் புள்ள கை நடுங்குது பாரு. நாம பின்னால போயி ஹாரன் அடிச்சா நாளைக்கு அது காடியே தொடாது. பேசாம வா."

அப்படிப்பட்ட மனிதர். அக்காவோ நேர் எதிர். வாயும் வேகம், கையும் வேகம். ஈப்போவில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகு கேக் செய்து விற்க ஆரம்பித்தார். முதலில் சாதாரண வெண்ணெய்க் கேக். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியில் பார்த்து இந்த பிரவுனி. கேமரன் மலைக்குச் சரக்கு போனால் திரும்பி வரும்போது ஸ்ட்ராபெரி வாங்கி வர வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. அண்ணன் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்து, "புள்ள மாதிரி வச்சுக்க" என்பார். வளைவு வளைவாக இறங்கி வருவதற்குள் பிள்ளை கொஞ்சம் இளைத்திருக்கும்.

ஸ்ட்ராபெரி கிடைக்காத நாளில் மாம்பழம். மாம்பழமும் இல்லையென்றால் டுரியான் பெலாண்டா, அந்த முள்சீத்தாப்பழம். எதுவானாலும் அக்கா கை பட்டால் அதற்கு ஒரு ருசி இருந்தது. ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. "தெரசா பிரவுனி வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்யாண வீட்டுக்குப் போவோம் என்று சொன்னவர்கள் உண்டு.

அப்புறம், எட்டு வருடத்துக்கு முன்னால், அந்த நவம்பர் மாதம். அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு வந்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை. மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

அண்ணன் அப்போதுதான் லாரியை விட்டிருந்தார். நானும் வேன் ஓட்டத் தொடங்கியிருந்தேன். பார்க்கப் போனேன். ஆர்டர் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை அக்கா இடது கையால் புரட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முப்பத்திரண்டு பெட்டி.

"நான் எல்லாருக்கும் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடுறேன் தெரசா" என்றார் அண்ணன். "ஒடம்பு சரியில்லன்னா புரிஞ்சிக்குவாங்க."

"புரிஞ்சிக்குவாங்க" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "அதான் வேணாங்கறேன். அப்புறம் கஞ்சி மாதிரி ஒன்ன செஞ்சு குடுத்தாக்கூட, ஐயோ பாவம், நல்லா இருக்கு தெரசான்னு வாங்குவாங்க. ஐயோ பாவத்துக்கு நான் கேக் விக்க மாட்டேன். கை போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அவ்வளவு பேசியதில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார்.

"நீ சொல்லு. நான் செய்யறேன்."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ கொண்டுபோய்க் குடு. வாயத் தொறந்த, ஒன்ன நடுரோட்டுல எறக்கி விட்டுடுவேன்" என்றார் அண்ணன். இப்படித்தான் எனக்கு அந்தப் பொய் சொல்லும் வேலை கிடைத்தது.

முதல் டிரேயை நான் மறக்க மாட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையில் ஓர் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அதாலேயே காட்டுவார். சாக்லெட்டும் வெண்ணெயும் உருக்கிய பிரவுனி மாவு கீழே. அதன்மேல் கிரீம் சீஸ் கலவை. அதன்மேல் அங்கங்கே பழக்கூழ். பிறகு சாத்தே குச்சியை, அந்த இறைச்சி கோக்கிற மூங்கில் குச்சியை, விட்டு லேசாக இழுக்க வேண்டும், அப்போதுதான் கோலம் மாதிரி சுழல் வரும். அண்ணன் கிரீம் சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, சூடு இல்லை, குளிரோடு போட்டுக் கலக்கினார். அது கட்டி கட்டியாக நின்றது. குச்சியை விட்டார். நிறுத்தவில்லை. கலக்கினார், கலக்கினார், சிவப்பு, வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பல் நிறமாகிற வரைக்கும் கலக்கினார்.

"லாரிக்காரரே" என்றார் அக்கா. "சிமெண்டு எறக்குனது போதாதா? இங்கயும் கலக்கணுமா?"

அதை நான்தான் சாப்பிட்டேன். இரண்டாவது டிரேயில் டுரியான் பெலாண்டாவைக் காய்ச்சிச் சுண்ட வைக்காமல் அப்படியே ஊற்றிவிட்டார். நடுவில் குளம் கட்டியது. அதையும் நான்தான் சாப்பிட்டேன். மூன்றாவது ஓரம் கருகி, நடுவில் வேகாமல் இருந்தது. ஓரத்தை அண்ணன் சாப்பிட்டார், நடுவை நான் குடித்தேன். ஒன்பது நாள் இப்படிப் போனது. நான் இரண்டு கால்சட்டைகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

பத்தாவது நாள் அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "லாரிய ரிவர்ஸ் எடுக்கறப்ப ஸ்டேரிங்க இப்படித்தான் புடிச்சி ஒடிப்பீங்களா?"

"ச்சே. லேசா காட்டிட்டு விடணும். அதுவா வரும்."

"அப்ப இதுவும் அதுவா வரும். விடுங்க."

அண்ணன் குச்சியை எடுத்தார். ஒரு இழுப்பு, ஒரு திருப்பு, விட்டார். இன்னொரு இழுப்பு. நிறுத்தினார். அந்தப் பெரிய கையில் குச்சி இருப்பதே தெரியவில்லை. டிரேயில் மட்டும் சிவப்புக் கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அடுப்பில் வைக்க மனசு வரவில்லை.

அந்த வருடம் முப்பத்திரண்டு பெட்டியும் போய்ச் சேர்ந்தன. "அக்காவுக்கு ஒடம்பு தேறிடுச்சு, கையில கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான்" என்று நான் வீடு வீடாகச் சொன்னேன். ஒருவரும் பாவம் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் போன வருடத்தைவிடப் பழம் குறைவு என்று குறைகூடச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், அண்ணன் ஏப்ரனைக் கழற்றிக் குளிர்பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு, கோக்கோ தூளில் விரலைத் தொட்டு அக்காவின் கன்னத்தில் ஒரு கீற்று இழுப்பார். இடது கையில் கொஞ்சம் மாவு. பிறகு பத்திரிகையை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். வந்தவர் பார்ப்பது, வேலையில் களைத்த தெரசா அக்காவையும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கணவரையும். "அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கலாம்ல அண்ணே" என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. அண்ணன் உங்களைத் தப்பாக நினைத்ததில்லை.

ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். "ஏண்ணே, செய்யறது நீங்க, பேரு அக்காவுக்கு. ஒங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?"

அவர் கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைப்பார். துடைத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"லாரி கதவுல யாரு பேருடா போட்டிருந்துச்சு?"

"மொதலாளி பேரு."

"நாப்பது வருஷத்துக்கு மேல ஓட்டுனேன். எவனாச்சும் எறங்கி வந்து, இது யாரு ஓட்டுற லாரின்னு கேட்டானா? சரக்கு போயிச் சேந்துச்சுல்ல. அவ்வளவுதான்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாதர் சங்கம் கூப்பிடும் வரைக்கும். தேவாலயத்து மாதர் சங்கத்தில் ரோஸ்லின் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனம், கூர்மையான கண். மாதர் சங்கத்துப் பெண்கள் முப்பது பேருக்கு முன்னால் தெரசா அக்கா பிரவுனி செய்து காட்ட வேண்டும் என்று அவர் நாள் குறித்துவிட்டார். மறுத்தால் கேள்வி வரும். ஒத்துக்கொண்டால் கை தெரியும். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குக் காலையில் அக்கா சால்வையை வலது தோளில் போர்த்திக்கொண்டு தேவாலயக் கூடத்துக்குப் போனார். முன்னால் நின்று, "நான் செஞ்சா நீங்க வேடிக்க பாப்பீங்க, வீட்டுக்குப் போயி மறந்துடுவீங்க" என்றார். "ஒன்னுமே தெரியாத ஒரு ஆள வச்சுச் செய்யச் சொல்றேன். அவருக்கே வந்துச்சுன்னா ஒங்களுக்கு வராதா? என்னங்க, இங்க வாங்க."

கூடமே சிரித்தது. அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை வந்திருக்காது. தெரிந்த வேலையைத் தெரியாத மாதிரிச் செய்ய வேண்டும். "இதுல கோக்கோ எது?" என்று கேட்டார். முட்டை அடிக்கிற கம்பியைத் தலைகீழாகப் பிடித்தார். முட்டையை உடைக்கும்போது ஓட்டை உள்ளே விட்டார். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அக்கா, "பாருங்க, இவர வச்சுத்தான் நான் குடும்பம் நடத்துறேன்" என்றார். நான் சன்னல் பக்கம் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

குச்சியை எடுக்கிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எடுத்ததும் அவருக்கு மறந்துவிட்டது. ஒரு இழுப்பு, ஒரு திருப்பு, விட்டார். டிரே முழுக்கச் சுழல் ஓடியது. கூடத்தில் சிரிப்பு நின்றது. ஏற்கெனவே வீட்டிலிருந்து ஆறவைத்துக் கொண்டுபோயிருந்த டிரேயை வெட்டச் சொன்னபோது, கத்தியை வெந்நீரில் தோய்த்தார், துடைத்தார், வெட்டினார், மறுபடி தோய்த்தார், துடைத்தார்.

ரோஸ்லின் அக்கா முன்வரிசையிலிருந்து கேட்டார். "அண்ணே, மொதல் தடவையாதான் செய்யறீங்க?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். 

"கேமரன் மலை வளைவெல்லாம் ஓட்டுன கைம்மா" என்றார். "இது என்னா பெரிய வளைவு."

ரோஸ்லின் அக்கா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் வேனில் மூவரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்தியதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் முகத்தோடு அவர் சிரித்ததைப் பார்த்து அண்ணனும் சிரித்தார். மனிதர் மீசையெல்லாம் கோக்கோ.

அண்ணனை அடக்கம் செய்தது திங்கட்கிழமை. ஈப்போவின் சுண்ணாம்பு மலை ஒன்றின் அடியில் உள்ள கல்லறைத் தோட்டம். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்து கூடாரத்தின் கீழ் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் இருந்தது. இனிச் செய்கிற கை இல்லை. எட்டு வருடமாகக் கட்டிக் காத்தது இந்த வாரமே அவிழ்ந்துவிடும். அக்கா எதற்குப் பயந்தாரோ அதுதான் வரப்போகிறது. கணவரும் இல்லை, கையும் இல்லை என்று தெரிந்தால் இந்தக் கூடாரமே ஐயோ பாவம் என்று சொல்லுமே.

பாரிட் புந்தாரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். பணி ஓய்வு பெற்றவர், அக்காவின் மிகப் பழைய வாடிக்கைக்காரர். அவர்தான் ஆரம்பித்தார்.

"தெரசா, வேலைய மட்டும் விட்டுடாத. கைக்கு வேல இருந்தா மனசு ஆறும்லா. இந்தக் கிறிஸ்மஸுக்கும் நீ செய்யணும்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் கூடாரத்தின் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.

அக்கா சால்வையை விலக்கினார். இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன.

"இந்தக் கையாலயா டீச்சர்?"

டீச்சர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா நான் ஒரு பிரவுனி செய்யல. எல்லாம் அவரு செஞ்சது. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவரு பேர நான் மறைச்சிட்டேன். இன்னிக்கி மண்ணுல வச்சிட்டு வந்தப்புறம் மறைக்கக் கூடாது."

தெருவில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன், அந்த இரண்டு சொல் எந்த வாயிலிருந்து முதலில் வரப்போகிறது என்று.

டீச்சர் கோப்பையை வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"இனிப்பு ஜாஸ்தி, சீனிய கொறைன்னு எட்டு வருஷமா ஒங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். நீயும் சரி டீச்சர், சரி டீச்சர்னு தலைய ஆட்டுன. செஞ்ச மனுஷன் பக்கத்துலயே பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரா?"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு டீச்சர்."

"அப்புறம் ஏன் கொறைக்கல?"

"சொன்னேன். நாக்கு டீச்சருக்கு, டிரே எனக்குன்னுட்டாரு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. டீச்சராகவே இருக்கலாம். அதன் பிறகு கூடாரம் முழுக்க ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். என்னை ஏமாத்திட்டீங்களே என்றார் ஒருவர். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அண்ணனுக்குத் தான் சொன்ன புத்தியை நினைத்து ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ரோஸ்லின் அக்கா மட்டும் அமைதியாக, "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "கத்திய தொடச்சாரே, அப்பவே."

"அப்ப ஏன் கேக்கல?" என்றார் தெரசா அக்கா.

"கேட்டா நிறுத்திடுவீங்க. எனக்கு வருஷம் மூனு பொட்டி வேணும்லா."

எல்லாரும் அக்காவைத் திட்டினார்கள், என்னைத் திட்டினார்கள், கடைசியில் அண்ணனையும் செல்லமாகத் திட்டினார்கள். அந்த இரண்டு சொல்லை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அக்காவின் கை மேசைமேல் அப்படியே இருந்தது. யாரோ அதற்குப் பக்கத்தில் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்கள். அக்கா கையைத் திரும்பச் சால்வையால் மூடவில்லை. அன்றிலிருந்து சால்வை ஆணியில் தொங்குகிறது.

எனக்கோ முதுகிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. அன்றிரவு எட்டு வருடத்தில் முதல்முறையாக, யாரிடம் என்ன சொன்னோம் என்று யோசிக்காமல் தூங்கினேன். அண்ணனை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. வலியில்லாமல் போனார். ஏற்றிய சரக்கை எல்லாம் சேர்த்துவிட்டுப் போனார். அவர் பெயரும் அவரிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி யார் செய்வது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் தின்னுற ஆளு" என்றேன். யாரும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அகப்பையோடு உட்கார்ந்தார். ஸ்ட்ராபெரியைக் காய்ச்சினேன், சீஸைக் கலக்கினேன், குச்சியை விட்டேன். ஆறிய பிறகு அக்கா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படிக்கா?"

"தண்ணி கொண்டா."

இரண்டாவது டிரே பரவாயில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை அதில் நான்கு துண்டுகளை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, நானும் அக்காவும் ரோஸ்லின் அக்காவும் கல்லறைக்குப் போனோம். மலைக்குப் பின்னால் வெயில் இன்னும் ஏறவில்லை. மண் மேட்டில் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. அக்கா இடது கையால் மெழுகுவத்தியை நட்டு, பெட்டியைத் திறந்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். ரோஸ்லின் அக்கா ஜெபம் சொன்னார். எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது. அதனால் மனதுக்குள் என் பாஷையில் பேசினேன்.

அண்ணே, பதினாலு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன். ஒரு தடவகூட பயந்ததில்ல. இப்ப நீங்க தனியா முன்னால போறீங்க. யாரையும் முந்தாம மெதுவா போங்க. அக்காவ நாங்க பாத்துக்கறோம். பாத்துக்கறோம்னு சொன்னா அக்காவுக்குக் கோவம் வரும், அதனால அவங்க சொல்றபடி நடந்துக்கறோம். போய்ட்டு வாங்கண்ணே.

மூவரும் கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றோம். திறந்தபோது மண் மேட்டின் ஓரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்து மலைகளில் குரங்குகள் உண்டு. அது பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒரு கடி கடித்தது. கொஞ்ச நேரம் மென்றது. மீதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தது. பிறகு காற்றில் அணைந்திருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கி, அதைத் தின்றுகொண்டே மலைப்பக்கம் போனது.